பதினோராவது வியாழக்கிழமை

மரீத்தா: இல்ல தூரே, அது வானிலை. மறுபடியும் வானிலையத் திறந்துட்டீங்க.

தூரே: நான் எங்க திறந்தேன்? போன் மேல விரல வச்சேன், அதுவா திறந்துக்கிச்சு.

மரீத்தா: ஒரு தட்டு தட்டினா பேரச் சொல்லும். ரெண்டு தட்டு தட்டினா திறக்கும். பதினொரு வாரமா இதையேதான் சொல்லிட்டிருக்கேன்.

தூரே: பத்து. ஒரு வாரம் எனக்குச் சளி.

மரீத்தா: சளி வாரத்துல போன்லயே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். மறந்துட்டீங்களா?

தூரே: மறக்கல டீச்சர். அன்னைக்கு உங்க பக்கம் கெட்டில் விசிலடிச்சுது. ஏதோ பூனை கூடக் கத்திச்சு.

மரீத்தா: ...நூலகத்துல கெட்டில் இருக்கக் கூடாதா?

தூரே: பூனை?

மரீத்தா: பாடத்தக் கவனிங்க. நாப்பது வருஷம் மர லாரி ஓட்டின மனுஷன். அறுபது டன் மரத்த ஏத்திக்கிட்டு பனியில போனவர். உள்ளங்கை அகலப் போனோட இப்படி மல்லுக்கட்டுறீங்க.

தூரே: லாரிக்கு ஸ்டியரிங் இருந்துச்சு. இதுல பிடிக்க என்ன இருக்கு, வழவழன்னு... அப்போ கண்ணும் இருந்துச்சு, அது வேற கதை.

மரீத்தா: கண்ணு போய் நாலு வருஷம் ஆச்சு. கை இருக்கு, காது இருக்கு. 'பேசும் புத்தகம்'னு சொல்ற எடத்துல ரெண்டு தட்டு. அவ்வளவுதான்.

தூரே: முதல்ல பன் சாப்பிடலாமே. ஏலக்காய் பன், காலையில சுட்டது.

மரீத்தா: பாடம் முடியட்டும்.

தூரே: நீங்க இன்னும் ஜாக்கெட்டக் கழட்டல. ஜிப்பு மேசையில இடிக்குது. எல்லா வாரமும் இப்படித்தான் உக்காந்திருக்கீங்க.

மரீத்தா: குளிருது.

தூரே: எனக்கு வேர்க்குது.

மரீத்தா: உங்களுக்குப் பாடம்னாலே வேர்க்கும். தட்டுங்க.

பிர்யித்தா: மரீத்தா? நீ இன்னைக்கும் இங்கதான்...

மரீத்தா: பிர்யித்தா, இவர்தான் தூரே. தூரே, இவங்க எங்க நூலகத் தலைவி.

பிர்யித்தா: நல்லா இருக்கீங்களா தூரே? உங்களப் பாக்கத்தான் வந்தேன். சிடி போட்டுத் தர்ற மெஷின எடுத்துட்டுப் போக நாளைக்கு வண்டி வருது. இந்த ஊர்ல பேசும் புத்தகத்த சிடியில வாங்குற கடைசி ஆள் நீங்கதான்.

தூரே: பெருமையா இருக்கு.

பிர்யித்தா: கவலையே வேண்டாம். போன்ல இறக்கிக் கேக்கத் தெரிஞ்சா வீட்டுலயே கேட்டுக்கலாம். தெரியலன்னாலும் பரவால்ல, சிடி தபால்ல வீட்டுக்கே வந்துரும். எப்படியும் இனிமே நீங்க பஸ் ஏறி இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்ல.

தூரே: எப்படியும்.

பிர்யித்தா: எப்படியும். இன்னையோட வகுப்ப முடிச்சு எழுதிக் குடுத்துரு மரீத்தா. கத்துக்கிட்டாரா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு. ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன், நீ எதுக்கு வாரா வாரம்...

மரீத்தா: எழுதித் தர்றேன்னு சொல்லிட்டேன்ல பிர்யித்தா.

பிர்யித்தா: சரிம்மா, போறேன். பன் வாசம் மாடி வரைக்கும் வருது.

தூரே: ஒண்ணு எடுத்துக்கங்க.

பிர்யித்தா: ரெண்டு எடுத்துக்கறேன்.

தூரே: ...போயிட்டாங்களா?

மரீத்தா: போயிட்டா.

தூரே: நல்ல மனுஷி. எனக்குச் சௌகரியம் பண்ணாம விட மாட்டேன்னு நிக்கிறாங்க.

மரீத்தா: அவ வேலை அது.

தூரே: ஆக, கத்துக்கிட்டாலும் வர வேண்டாம். கத்துக்கலன்னாலும் வர வேண்டாம்.

மரீத்தா: ஆமா.

தூரே: பாதிதான் கத்துக்கிட்டார்னு எழுத முடியாதா?

மரீத்தா: படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல.

தூரே: நீங்களே ஒரு கட்டம் போட்டுடுங்களேன், பேனாவால.

மரீத்தா: தூரே.

தூரே: சரி, சரி. நான் ஒரு பன் எடுத்துக்கறேன். வெறும் வயித்துல தோத்துப் போக எனக்கு இஷ்டமில்ல.

மரீத்தா: ஒரு கையில பன் இருக்கட்டும், இன்னொரு கையால தட்டுங்க. கடைசித் தடவ.

தூரே: இதோ, தட்டிட்டேன். கேட்டீங்களா? தகர ஷெட்டுல ஆலங்கட்டி விழுந்த மாதிரி கொட்டித் தீக்குது. ஒரு வார்த்தை பிடிபடுதா பாருங்க.

மரீத்தா: குரல இவ்வளவு வேகமா வச்சது யாரு?

தூரே: அதுவா வச்சுக்கிச்சு.

மரீத்தா: புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாம் ஆமை வேகத்துலதான் வைப்பாங்க.

தூரே: நான் லாரிக்காரன்.

மரீத்தா: சரி. இப்போ அது என்ன சொல்லிச்சு?

தூரே: யாருக்குத் தெரியும்? மனுஷக் காதுக்கு விளங்குற பேச்சா அது?

மரீத்தா: 'என் அலமாரி. நாப்பத்து மூணு புத்தகம். கேட்டு முடிச்சது நாப்பது.'

தூரே: க்கும்... க்கும்!

மரீத்தா: பன்ன முழுங்குங்க முதல்ல. அடைச்சுக்கப் போகுது.

தூரே: உங்களுக்கு... இது விளங்குதா?

மரீத்தா: பதினாலு வருஷமா இந்த மாதிரி போன்களோடதான் உக்காந்திருக்கேன். இத விட ரெண்டு மடங்கு வேகத்துல கேக்குற ஆளுங்க எல்லாம் வர்றாங்க.

தூரே: கண்ணு தெரிஞ்சவங்களுக்கு இந்த வேகம் பிடிபடாதுன்னு சொன்னாங்க. அதனாலதான் நான்...

மரீத்தா: அதனாலதான் வேகத்தக் கூட்டி வச்சீங்க. எனக்குத் தெரியும்.

தூரே: எப்போலேர்ந்து?

மரீத்தா: ரெண்டாவது வியாழன்லேர்ந்து. அன்னைக்கு உங்க அலமாரியில ஆறு புத்தகம்.

தூரே: முதல் வகுப்பு முடிஞ்சு வீட்டுக்குப் போற பஸ்லயே பிடிபட்டுருச்சு டீச்சர். நீங்க அவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க.

மரீத்தா: ஐஸ் வைக்காதீங்க. நான் போட்டுக் குடுத்த சிடி எல்லாம் என்ன ஆச்சு? திரும்பி வரும்போது உறையில ஒட்டின டேப்பு கூடப் பிரியல. ஆனா 'அருமையான புத்தகம் மரீத்தா, ராத்திரி தூங்கவே இல்ல'ன்னு சொல்லுவீங்க.

தூரே: பொய் இல்லையே. அருமையான புத்தகம்தான். போன்ல கேட்டேன்.

மரீத்தா: கேட்டுட்டு இங்க வந்து வானிலையத் திறப்பீங்க.

தூரே: வேற எதத் திறந்தாலும் நீங்க இவ்வளவு கோவிச்சுக்கலையே.

மரீத்தா: ஏன் தூரே?

தூரே: ஏன்னா... சொல்லிடறேன், ஒளிக்க இனிமே என்ன இருக்கு. கண்ணு போனதுக்கு அப்புறம் எல்லாமே வீட்டுக்கு வருது. மளிகை வருது, மருந்து வருது, சூடாச் சாப்பாடு கூட வருது. இப்போ புத்தகமும் வரும்கிறாங்க. எல்லாத்துக்கும் என்கிட்ட வர வழி பண்ணிட்டாங்க. நான் போறதுக்குத்தான் ஒரு இடம் இல்ல. வியாழக்கிழமை மட்டும் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு ஒரு இடத்துக்குக் கிளம்பினேன். அங்க ஒருத்தங்க என்ன மக்குன்னு திட்டினாங்க. ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு.

மரீத்தா: மக்குன்னு நான் சொல்லவே இல்ல.

தூரே: ஏழாவது வாரம். மெதுவாத்தான் சொன்னீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்.

மரீத்தா: ...இப்போ படிவத்துல என்ன எழுதட்டும்?

தூரே: உண்மைய எழுதுங்க. கத்துக்கிட்டாருன்னு. உங்க வேலை நேரத்த இத்தன வாரம் தின்னுட்டேன். நிஜமாவே கத்துக்க வேண்டியவங்க எத்தன பேர் காத்திருந்தாங்களோ. அதுதான் கஷ்டமா இருக்கு.

மரீத்தா: அவங்களுக்குச் செவ்வாயும் புதனும் இருக்கு. ஒருத்தரக் கூட நான் திருப்பி அனுப்பல. இங்க கையெழுத்துப் போடுங்க. இருங்க... இந்த அட்டையோட ஓரத்துல விரல வச்சுக்கங்க, கோடு அதுக்கு நேர் மேலதான்.

தூரே: குளிருதுன்னு சொன்னீங்க. என் விரலப் பிடிச்ச உங்க கை சூடாத்தானே இருக்கு?

மரீத்தா: கையெழுத்துப் போடுங்க தூரே.

தூரே: போட்டாச்சு. லாரிக்காரன் கையெழுத்து, படிவத்த விட்டு வெளிய போயிருந்தா மன்னிச்சுருங்க.

மரீத்தா: மேசை மேல கொஞ்சம் போயிருக்கு. இருக்கட்டும்.

தூரே: நாலாவது வாரத்துலேர்ந்து ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுட்டிருந்தேன். வியாழக்கிழமைன்னா நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் பட்டாணி சூப்புதான். ஆனா என் சூப்பு கொஞ்சம் நல்லாவே இருக்கும். மேல கடுகு விழுது, அப்புறம் பான்கேக், லிங்கன்பெர்ரி ஜாம். கண்ணு போனதுக்கு அப்புறம் பான்கேக்க இன்னும் நல்லாத் திருப்புறேன், சத்தத்தக் கேட்டே.

மரீத்தா: கேக்க வேண்டியதுதானே?

தூரே: எங்க கேக்க? உங்களுக்கு வியாழக்கிழமை வேலை. ஒரு மணிக்குச் சூப்பு குடிக்க வாங்கன்னு கூப்பிட்டா, அந்த பிர்யித்தா அம்மா சூப்பையும் எனக்குத் தபால்ல அனுப்ப ஏற்பாடு பண்ணிடுவாங்க.

மரீத்தா: எனக்கு வேலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?

தூரே: வாரா வாரம் இங்கதானே இருக்கீங்க...

மரீத்தா: ஜாக்கெட்டோட இருக்கேன். வெளியிலேர்ந்து நேரா இந்த மேசைக்கு வந்து, உங்க பாடம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு, என் பூனைகிட்டப் போறேன். வியாழக்கிழமை எனக்கு லீவு தூரே. முதல் வாரத்துலேர்ந்தே.