உள்ளே நின்ற தோட்டா

"ஹலோ... ஓம், ஓம், இராசநாயகம்தான். ஆர், தவராசாவோ? கொஞ்சம் சத்தமாக் கதை மச்சான். ஏன் குசுகுசுக்கிறாய்?..."

நியூ லின்னில் தன் வீட்டுச் சமையலறையில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார் இராசநாயகம். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையைத் துடைத்தார். சனிக்கிழமை மத்தியானம். நண்பர் தவராசா அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. இரவு வேலை முடித்துவிட்டு, நகரின் மறுபக்கம் த்ரீ கிங்ஸில் இருக்கும் தன் வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடித் தூங்குவார்.

"துவக்கோ? அதுக்கென்ன?... ஓம்... ஓம், லீவர் இறுக்கமாத்தான் இருக்கும். கடையில நான் என்ன சொன்னனான்? மற்றதை எடு, போல்ட் வைச்சதை எடு, துடைக்கிறது சுகம் எண்டனான். நீ கேட்டனியோ? படத்தில குதிரைக்காரர் வைச்சிருக்கிறமாதிரித்தான் வேணுமெண்டு நிண்டாய்... சரி, சரி, வடிவான சாமான்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஹுனுவா மலைப்பக்கம் காட்டாடு சுடப் போனபிறகுதான் தவராசாவுக்கு அந்த ஆசை பிடித்தது. லைசன்ஸ் எடுத்ததும் இராசநாயகத்தைத்தான் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அந்தப் பழைய துவக்கைக் கையில் வாங்கி, குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, லீவரை இறக்கி ஏற்றிச் சத்தம் கேட்டு, மரப்பிடியில் வெடிப்பு உண்டா என்று தடவி, எடுக்கலாம் என்று தலையாட்டியவர் இராசநாயகம்தான்.

"உள்ளுக்குள்ள பழைய எண்ணெய் பிசின்மாதிரி இறுகிக் கிடக்குது. அதைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவு, பிறகு ஒரு துளி எண்ணெய் காணும் எண்டனான். கழுவினனியோ?... பிறகென்ன, நேரமில்லை! வேலை, வேலை! இப்ப லீவர் அசையேல்லை எண்டு என்னைக்... என்ன?... திருப்பிச் சொல்லு."

அவர் தோளிலிருந்த ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"உள்ளுக்குத் தோட்டா நிக்குதோ? வீட்டுக்குள்ளையோ? உனக்கென்ன விசரோ? துவக்கு ஒரு இடம், தோட்டா ஒரு இடம் எண்டு பொலிஸ்காரர் வீட்டை வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னவரெல்லே?... கல்லோ? ஆர் எறிஞ்சது?... எத்தினை இரவா?... ஏன் எனக்குச் சொல்லேல்லை?... ஓம்... ஓம், விளங்குது."

அவருக்கு உண்மையிலேயே விளங்கியது. எண்பத்து மூன்றில் கொழும்பில் தவராசாவின் வீட்டுக் கண்ணாடிக்கு முதலில் வந்ததும் கல்தான். அதற்குப் பிறகு நெருப்பு வந்தது. மனைவி செல்வநாயகியையும் மகள் கௌரியையும் பின்மதிலால் ஏற்றி இறக்கிக்கொண்டு ஓடிய மனிதன். நாலு வருடம் கழித்து, கடல் கடந்து வந்த இந்த ஊரில், மறுபடியும் ஒரு கல்.

"அதுக்காக நிரப்பிக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறதோ?... இப்ப அதை ஏன் எடுத்தனி?... ஆர் யன்னலைத் தட்டினது?... தவராசா... நீ ட்ரிகரை இழுத்தனியோ?"

ஓம் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

"யன்னலில நிண்டது ஆர்?"

பதில் வந்ததும் இராசநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கௌரியோ... ஐயோ... பிள்ளைக்கு... ஒண்டும் இல்லையே? வெடிக்கேல்லையே?... உண்மையாவோ?... கதவுத் திறப்பை மறந்துபோட்டு வந்தவளோ... திரைச்சீலையில நிழல்மட்டுமோ... அவளுக்குத் தெரியுமோ?... சரி. சரி. அழாதை. இப்ப அழாதை, நான் சொல்லுறதைக் கேள். துவக்கு எங்கை கிடக்குது?... போர்வைக்குக் கீழையோ? குழல் எந்தப் பக்கம் பாக்குது?... அந்தச் சுவருக்கு அங்கால என்ன?... குசினியோ? அவள் எங்கை நிக்கிறாள்?"

அவர் குரல் தாழ்ந்தது. பதறினால் எதிர்ப்பக்கம் இன்னும் பதறும் என்று தெரிந்திருந்தது.

"ஓம், முதல் அவளை முன்னறைக்கு அனுப்பு. பிறகு துவக்கைத் தூக்கு. விரல் ட்ரிகருக்குக் கிட்டவும் போகக்கூடாது. முன்னறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போ. பூப்பாத்தி மண்ணைப் பாக்கக் குழலைப் பிடி. லீவரை முழுக்க இறக்கு, முழுக்க ஏத்து. இறுக்கமெண்டு பாதியில விடாதை. ஒவ்வொண்டா வெளியில விழும். விழுந்து முடியுமட்டும் செய். கடைசியா லீவரைத் திறந்தபடி விட்டு, உள்ளுக்கு விரல் வைச்சுத் தடவிப் பார்... போனை வைக்காதை. அப்பிடியே விட்டிட்டுப் போ."

ரிசீவர் மேசையில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. இராசநாயகம் காதை அழுத்திக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் ஒரு வெடிச்சத்தம் வந்துவிடக்கூடாதே என்று உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"தவராசா?... ஆ... கௌரியோ? மாமா கதைக்கிறன் பிள்ளை... அப்பா லைனிலதான் இருந்தவர், ஓம்... இல்லை, இல்லை, வெளியில போகாதை! என்னோட கொஞ்சம் கதை. நெட்போல் என்னமாதிரி?... நீ இங்கிலிஷிலயே சொல்லு, எனக்கு விளங்கும்... வெண்டிட்டியளோ! கெட்டிக்காரி... ஓம்... அப்பாவின்ரை முகமோ? வெள்ளையாவோ?... நித்திரையால திடுக்கிட்டு எழும்பினவரெல்லே, அதுதான்... நான் அங்கை வாறன் பிள்ளை, வந்து பாக்கிறன்... யன்னலால எட்டிப் பாக்காதை, கௌரி. மாமா சொல்லுறன். கதிரையில இரு. இன்னும் சொல்லு, எத்தினை கோல் போட்டனி?"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கோலையும் அவர் கேட்டார். கண் நிறைந்து வழிந்தது. குரலை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார்.

"வந்திட்டாரோ? அவரிட்டைக் குடு. நீ போய் உடுப்பு மாத்தி, சாப்பாட்டை எடுத்து வை... தவராசா? அவள் போட்டாளோ?... எல்லாம் வெளியிலயோ? தடவிப் பாத்தனியோ?... வெறுமையோ?... அப்பாடா."

அவர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்.

"ஓம்... கையில வைச்சிருக்கிறியோ, முதல் விழுந்த அந்தத் தோட்டாவை? அதின்ரை அடியைப் பார். நடுவில குறி இருக்கோ?... மெல்லிசாவோ?... ம்."

ஏன் என்று தவராசா கேட்டதற்கு ஒரு பொய் சொல்லலாமா என்று நினைத்தார். வாய் வரவில்லை.

"துவக்கின்ரை ஊசி அடிச்சிருக்குது மச்சான். பலமா அடிக்கேல்லை. அந்தப் பிசின் பிடிச்சு வைச்சிட்டுது... ஓம். நான் சொன்னமாதிரிக் கழுவியிருந்தால் வெடிச்சிருக்கும்."

எதிர்ப்பக்கத்தில் அழுகை வெடித்தது. வாயில் துணியை அமுக்கிக்கொண்டு அழுகிற சத்தம்.

"அழு... அழு. நான் வைக்கேல்லை... ஓம்... ஓம், இஞ்சைதான் இருக்கிறன்."

இராசநாயகம் தன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை, நான் செல்வநாயகிக்குச் சொல்லமாட்டன். வேலையால வந்ததும் நீதான் சொல்லவேணும்... ஓம், சொல்லத்தான் வேணும். அவளும் அந்தக் கட்டிலிலதானே படுக்கிறாள்... துவக்கை நான் கொண்டுபோறன். திருப்பிக் கேட்காதை... கல்லெறிஞ்சால் எறியட்டும். நானும் பொலிசுக்கு வாறன், இண்டைக்கே போவம். இரவைக்கு உங்கடை வீட்டிலதான் படுக்கப்போறன். கண்ணாடி உடைஞ்சால் வேற கண்ணாடி போடலாம், மச்சான்..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில், தூரத்தில், ஒரு குரல் கேட்டது.

"என்ன?... சாப்பிடவோ கூப்பிடுறாள்?... பசியில்லாட்டியும் போ. போய்ப் பக்கத்தில இரு. வெளிக்கிட்டன், வந்துகொண்டிருக்கிறன்... போ, தவராசா. பிள்ளை கூப்பிடுதெல்லே."

லைன் துண்டிக்கப்பட்டது.