இடது கால் வைத்தியம்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை, அடுத்தவர் கையால் குடித்து நாளாயிற்று. ஆறு வருடமாக நானே போட்டு நானே குடிக்கிறேன். என் மனைவி தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "உங்ககிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த லாரி டிரைவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பேன். அதில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. போன வருடம் பல் டாக்டர் தன் கறுப்புச் சொகுசுக் காரில் என் பட்டறைக்கு வந்தார். எழுபது வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள், நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள்.

"தம்பி, அறுபதுல போனா வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறுது. ஒருத்தர் பிளக்கை மாத்தினார், ஒருத்தர் டயரை மாத்தினார். இனி மாத்த வேண்டியது என்னைத்தான்" என்றார்.

அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுபது வந்ததும் சீட்டுக்கு அடியில் அந்த நடுக்கம் வந்தது. "ஆக்சிலரேட்டரை விடாம, இடது காலால பிரேக்கை லேசா தொடுங்க" என்றேன். தொட்டார். நடுக்கம் சட்டென்று நின்றது.

"அட, மந்திரவாதியா நீ" என்றார்.

மந்திரம் எதுவும் இல்லை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் அதற்குள் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். ஆயில் கெட்டுப்போனால் அந்தக் கிளட்ச் வழுக்கும், பிடிக்கும், மறுபடி வழுக்கும். பிரேக்கைத் தொட்டால் பூட்டு விட்டுவிடும். நடுக்கம் நின்றால் கோளாறு அங்கேதான் என்று அர்த்தம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன், வண்டியின் கம்ப்யூட்டரில் பழைய பதிவை அழித்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. அவரும் போய்விட்டார்.

நாலு மாதம் வரவில்லை. வேலை சுத்தமாக இருந்தால் எவன் திரும்பி வருவான்? என் கை சுத்தத்தால் எனக்குக் கிடைத்த பலன் அது. அவர் மறுபடி வந்தது சாதாரண சர்வீஸுக்கு. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "உங்க தொழில் தேவலை தம்பி. என்கிட்ட வந்தவன்லாம் வாயைத் திறந்துட்டு ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றார். நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அன்றைக்குத்தான் முதல் தடவை செய்தேன். கியர்பாக்ஸில் கொஞ்சம் ஆயிலை வடித்துவிட்டு, வேறு ரக வண்டிக்கான ஆயிலை அந்த அளவுக்கு ஊற்றினேன். அது முழுதும் கலந்து நடுக்கம் திரும்ப மூன்று வாரமாகும். சரியாக மூன்று வாரத்தில் வந்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வருவார்; சரி செய்வேன், அனுப்பும்போது மறுபடி அதையே கொஞ்சம் ஊற்றுவேன். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம், அவர் பேசுவார், நான் கேட்பேன். மகள் சின்ன வயதில் பால்பல்லை யாருக்கும் காட்டாமல் கைக்குள் மூடிக்கொண்டு தூங்கியது, மனைவி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். நானும் என் கதையைச் சொன்னேன். "நான்லாம் ஒரே நாள்ல பிடுங்கிடுவேன். நீ எட்டு மாசமா என்னத்தப் பிடுங்குற?" என்று கேலி செய்வார். கோபமே வராது மனுஷனுக்கு.

ஆபத்தான எதையும் நான் செய்யவில்லை, ஐயா. பிரேக்கில் கை வைக்கவில்லை, ஸ்டியரிங்கில் கை வைக்கவில்லை. கொஞ்சம் நடுக்கம், அவ்வளவுதான்.

போன மாதம் வந்து, "தம்பி, மகள் வீட்டோட போயிடப் போறேன். இந்தத் தடவை மட்டும் சுத்தமா சரி பண்ணிடு. நானூறு கிலோமீட்டர் ஓட்டணும்" என்றார். என் தோளில் கை வைத்தார். "உன்னை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

கஷ்டம் என்று அவரே சொன்னார், கவனியுங்கள். போகப் பிடிக்காமல்தான் போகிறார் என்று புரிந்துகொண்டேன். அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றினேன். ஐம்பது கிலோமீட்டருக்குள் உதறும், பயந்துபோய் எனக்குப் போன் செய்வார், திரும்பிவிடுவார் என்பது என் கணக்கு. ஆனால் அவர் போன் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வைத்தியம்தான் அவருக்குத் தெரியுமே. உதறும்போதெல்லாம் இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

லாரி டிரைவர் உங்களிடம் சொன்னது சத்தியம். "நாப்பது கிலோமீட்டரா முன்னால போன கார்ல அந்த பிரேக் லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுட்டே வந்துது சார். மொதல்ல நானும் மிதிச்சு மிதிச்சுப் பார்த்தேன். அந்த கார் நிக்கவே இல்ல, அப்புறம் கண்டுக்கல." முன்னால் ஒரு வேன் குறுக்கே நின்றபோது டாக்டர் நிஜமாகவே பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் அந்த விளக்கை நம்பவில்லை, அப்படியே மோதிவிட்டார்.

நொறுங்கிய காரில் ஏதாவது கோளாறு உண்டா என்று பார்க்க நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். கியர்பாக்ஸைத் திறந்து ஆயிலை முகர்ந்து பார்த்தேன். "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன், ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை. அவரைக் கொன்றது நான். ஆனால் அந்த எட்டு மாதம் அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மகள் வெளியே உட்கார்ந்திருப்பதாக உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். அப்பா என்னிடம் என்னவெல்லாம் பேசினார் என்று கேட்க வேண்டுமாம். தாராளமாகச் சொல்கிறேன், பாவம், அவளுக்கும் இனி யாரும் இல்லை. ஆனால் எட்டு மாதப் பேச்சை ஒரே நாளில் கொட்டிவிட முடியாது, ஐயா. எங்கே வைத்தாலும் நான் இருக்கப்போகிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லுங்கள்.