ஒரு பெட்டியை எண்ணிய அபினா

அவையை ஆளும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, குளச்சலிலிருந்து பஸ் மாறி வடசேரி வந்திருக்கும் தாய்மார்களே, கணினியைக் கைவசப்படுத்திய கன்னியரே, காளையரே! கணக்கு வாத்தியார் ரசலையனின் வணக்கம்.

நம் மன்றத்தின் கணினிப் போட்டிக்கு நான்தான் நடுவர். நான் கொடுத்த கேள்வி இது. லட்சம் இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதையே லட்சம் முறை அடுத்தடுத்து எழுதினால் வருவது ஆயிரம் கோடி இலக்கம். அத்தனையையும் கூட்டு; வந்த விடையின் இலக்கங்களையும் கூட்டு; ஒற்றை இலக்கம் மிஞ்சும்வரை கூட்டு!

என் வீட்டுக் கணினி முக்கால் மணி நேரம் முக்கி முனகி விடை சொன்னது. போட்டியில் நாற்பது கணினிகள் திணறின. மாணவி அபினா எழுதிய நிரலோ ஐந்தே வரி. பொத்தானைத் தட்டினாள், விடை வந்தது.

நான் என்ன செய்தேன்? பாராட்டினேனா? இல்லை! என் விடைத்தாளைப் பார்த்துத் திருடினாய் என்று பழி சொல்லி, பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தேன். அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள்:

"சார், ஒருக்கா நோக்குங்க. ஏலத்துல எல்லாப் பெட்டியும் ஒண்ணுபோல இருந்தா எங்கம்மை ஒரு பெட்டி மீனத்தான் எண்ணுவா. பொறவு பெருக்குவா. நானும் அதத்தான் செஞ்சேன்."

நீங்களே பாருங்கள். 275 என்பதை நான்கு முறை எழுதுங்கள். பன்னிரண்டு இலக்கங்களையும் கூட்டினால் ஐம்பத்தாறு. அபினா வழியில், ஒரு 275-க்குப் பதினான்கு. நான்கால் பெருக்கினால் அதே ஐம்பத்தாறு. ஐந்தும் ஆறும் பதினொன்று; ஒன்றும் ஒன்றும் இரண்டு. பின்வரிசையில் யாரோ மூன்று என்கிறார். மறுபடி கூட்டுங்கள் ஐயா, காத்திருக்கிறேன்.

விரைவு என்ன திருட்டா? சுருக்கம் என்ன குற்றமா? முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்குத் தோன்றாதது மீனவர் வீட்டுப் பெண்ணுக்குத் தோன்றாது என்று நினைத்தேனே, அதுதான் குற்றம்! அவள் நிரலில் பிழையில்லை. என் நெஞ்சில் இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

நாற்பது பேர் முன்னால் பழி சொன்னேன். இந்த நானூறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன், அபினா. முதல் பரிசான மடிக்கணினி உனக்கே!

அதைக் கொடுக்க எனக்குத் தகுதியில்லை. மூன்றாம் வரிசையில் இருக்கும் சகாயசெல்வி அம்மா, மேடைக்கு வாருங்கள். உங்கள் மகளுக்கு உங்கள் கையாலேயே கொடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. இனி நான் கீழே நின்று கைதட்டுகிறேன். வணக்கம்.