தங்கமீனுக்கு விரதம்

இன்று காலை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் கால் கிலோ பச்சைப் பட்டாணி. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“எங்க வீட்டு மீனு நேத்திலேருந்து விரதம், மதினி.”

“மீனா? எந்தச் சாமிக்கு?”

“மக வளக்குற தங்கமீனு. உருண்டையா இருக்குமே, அது. தெப்பக்குளத்து மீனுக்குப் போடுறாப்புல எங்க அத்தை தொட்டியில பொரிய அள்ளிப் போட்டுட்டாக. வயிறு ஊதி, தலைகீழா மெதக்குது.”

“புண்ணியம் தேடிருக்காக.”

“மீன் கடைக்காரரு, ரெண்டு நாளு ஒண்ணும் போடாதீக, அப்புறம் பட்டாணிய அவிச்சு, தோல உரிச்சு, துளித்துளியாக் குடுங்கன்னாரு. மக நாளைக்கு ஹாஸ்டல்லருந்து வாரா. அதுக்குள்ள பொழைக்கணும்.”

“பட்டினி போட ஒங்க அத்தை விட்டாகளா?”

“வாயில்லாச் சீவனக் கொல்றியேன்னு ஒரே சத்தம். அது விரதம் இருக்கு, கலைச்சிராதீக அத்தேன்னு சொன்னேன். பெறகு தொட்டிப் பக்கமே போகல. அம்புட்டுப் பக்தி.”

ஜன்னலோரம் இருந்தவரின் கைபேசி ஒலித்தது; வீட்டிலிருந்து அழைப்பு. கேட்கக் கேட்க அவர் முகம் முதலில் மலர்ந்து, பிறகு மாறியது.

“மீனு நிமிந்து நீந்துதாம், மதினி.”

“நல்லதுதான? ஏன் முழிக்கிற?”

“விரதம் முடிச்சு வைக்க அத்தை சக்கரைப் பொங்கல் வச்சிருக்காகளாம். ஆறட்டும்னு காத்துக்கிட்டிருக்காக.”

அவர் எழுந்து நின்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே!”

பேருந்து அப்போது பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.