நான்கு நிமிட மூச்சு

பேச்சில்லாத படத்துக்கு இசையமைப்பது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். வசனம் இல்லாவிட்டால் இசைக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, ஐயா.

படத்தை எடுத்தவள் கல்லூரி மாணவி. பழுதான லிஃப்டில் ஒரு பெண் மாட்டிக்கொள்ளும் காட்சி, நான்கு நிமிடம். நான் போட்டுக் கொடுத்ததைக் கேட்டுவிட்டு, "அழகா இருக்கு சார். ஆனா மூச்சு முட்டலையே" என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். தையல்காரி. என் இசையைக் கேட்டால், "இது பாட்டாடா, பல்வலியா?" என்பாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு நாள் காலை என் அறையில் தலையணை உறை மாற்றும்போது பஞ்சுத் தூசியில் இழுப்பு வந்துவிட்டது. உடனே இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கீபோர்டுக்காக ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டரில் அந்த இழுப்பு நாற்பது விநாடி பதிவாகியிருந்தது. இரண்டு குட்டை மூச்சு, ஒரு நீள மூச்சு. காட்சியோடு சேர்த்துப் போட்டேன். மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் சார். காட்சி முழுக்க இது வேணும்" என்றாள். பழைய ஆர்மோனியத்தின் துருத்தி என்று சொல்லி வைத்தேன். நாற்பது விநாடியையே திரும்பத் திரும்ப ஓட்டினால் காது கண்டுபிடித்துவிடும்.

வியாழக்கிழமை மதியம் ஜன்னல்களைச் சாத்தினேன். தலையணையைக் கிழித்து, அக்காவிடம் தைத்துத் தரச் சொன்னேன். அவள் என்னிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

"டேய், என் இன்ஹேலர் எங்கடா?"

"தேடுறேன்க்கா."

உண்மையிலேயே இரண்டு இழுப்பறைகளைத் திறந்து பார்த்தேன். பதிவில் சத்தம் விழாமல், மெதுவாக. இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் மைக்கைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பேச்சு கலந்தால் பதிவு கெட்டுவிடும் என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். எப்போதும் எனக்கு விட்டுக்கொடுப்பவள்தானே.

நான்கு நிமிடம் போதுமே, பதிவு பதினொரு நிமிடம் ஓடுகிறதே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஐந்தாவது நிமிடத்தில் தாளம் தானாகத் தளர ஆரம்பித்தது. நான் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அப்படியொரு முடிவு எனக்கு வந்திருக்காது. பைக்குள் கை போனது, ஐயா. கடைசி மூச்சு வரை கேட்டுவிடலாம் என்று எடுக்காமல் விட்டேன்.