கருவாட்டுத் தரையில் மெக்சிகோ புல்

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ நிறைவதற்காகக் காத்திருந்தோம். என் எதிரே, விற்று முடித்த காலிக் கூடைகளோடு கருவாட்டுக்காரப் பெண்கள் இருவர். இளையவள்தான் முதலில் வெடித்தாள்.

"புல்லு வந்து எறங்குதுக்கா, லாரில! பாய் மாதிரி சுருட்டிகினு!"

"புல்லா? இன்னாத்துக்கு?"

"எங்க வூட்டாண்ட, கருவாடு காயவெக்கிற எடம் கீதுல்ல, அங்க கார்ப்பரேஷன்காரங்க விரிச்சிட்டாங்க. வாக்கிங் போறவங்களுக்குப் பார்க்காம். கருவாடெல்லாம் மண்ணாவுது, சிமெண்டுத் தர போட்டுக் குடுங்கன்னு எத்தினி வாட்டி கேட்டிருப்போம்?"

"அப்பறம் இன்னா பண்ணே?"

"மீனு காத்துகினு இருக்குமா? வயக்கம்போல புல்லு மேலயே காயவெச்சேன். உப்புத் தண்ணி எறங்கி புல்லு மொத்தமும் கருகிட்ச்சி. காண்ட்ராக்டர் வந்து கத்துறான்க்கா. 'மெத்துன்னு இருக்கும்னு பாத்துப் பாத்து எடுத்த மெக்சிகோ புல்லும்மா'ங்கறான். ஏன்யா, கருவாடு காயற எடத்துல புல்லப் போட்டது ஒன் தப்பா, என் தப்பா?"

ஆட்டோ கிளம்பியும் அவள் குரல் இறங்கவில்லை.

"இப்போ வேற புல்லு ஆர்டர் குட்துகீறானாம். எவ்ளோ உப்பு பட்டாலும் சாவாதாம். பாத்தியா! எங்களுக்கு ஒரு தர போட்டுக் குடுக்க மனசு வரல, கருவாட்டத் தாங்குற புல்லத் தேடிகினு கீறான்!"

மூத்தவள் சிரிக்கவில்லை.

"வந்து விரிச்சதும் சொல்லுடி. மண்ணாவாம காயட்டும், என் கருவாட்டையும் எட்தாந்து அது மேலயே போடறேன்."