மகளைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தைகள்

பாராட்டுவதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை. டீ நன்றாக இருந்தால், போட்டவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் குடிப்பேன். என் மகள் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். அதற்குப் போய் என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போகிறவர் கைகாட்டும் ஆளுக்கே அந்த நாற்காலி என்பது எங்கள் கம்பெனி வழக்கம். எனக்கு அடுத்து இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருவன், தலைமுடியால் பேர் வாங்கிய சுருட்டை. இருவருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

மகளுக்குப் பாம்புக் காது. உச்சியிலுள்ள மோட்டார் அறையில் பிரேக் தேய்ந்திருப்பதைக் கீழே நின்றே சொல்லிவிடுவாள். கட்டடத்துக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். நானும் அதையே சொல்வேன். உடனே தலையாட்டுவார்கள். பார்த்தாயா, அப்பா சொன்னால்தான் எடுபடுகிறது என்று அவளைத் தட்டிக்கொடுப்பேன். அவளும் சிரிப்பாள், அப்போதெல்லாம்.

நான் ஓய்வு பெறும் சமயம், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இருவரைப் பற்றியும் கேட்டார். "சுருட்டை கெட்டிக்காரன் சார். கொஞ்சம் முரடு, ஆனா வேலைன்னா புலி" என்றேன். புலி ஒருமுறை இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டை நிறுத்திவிட்டு, என் மகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சியதை நான் சொல்லவில்லை. சின்ன விஷயம்தானே. மகளைப் பற்றிக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "தங்கமான பொண்ணு சார். அதிர்ந்து பேசாது. வீட்டையும் பாத்துக்கிட்டு வேலைக்கும் வருது, பாவம்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. மேனேஜரும் பாவம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுருட்டைக்குக் கொடுத்தார். அதோடு விட்டாரா? உங்கள் அப்பா உங்களை எவ்வளவு உயர்வாகச் சொன்னார் தெரியுமா என்று, அவளிடமே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

வந்து நின்றாள். "அப்பா, நான் வேலை நல்லா செய்வேன்னு சொன்னீங்களா?"

"அதைத் தனியா வேற சொல்லணுமாம்மா?"

"சுருட்டைக்குச் சொல்லியிருக்கீங்களே."

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தெரிந்தேதான் செய்தேன். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வேலைக்கு நேரங்காலம் கிடையாது. அவளுக்கோ சின்னக் குழந்தை. சுருட்டைக்கும் கைக்குழந்தை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள அவன் மனைவி இருக்கிறாள். பெற்றவன் நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே அவள்தான் தலைமை மெக்கானிக். கேள்விப்பட்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசாவிட்டால் என்ன, மகள் மகள்தானே. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "எங்க மாப்பிள்ளைக்குப் பெரிய மனசுங்க. அவளை அந்த வேலைக்கு விட்டிருக்கார்."